வழியில் வைத்த பை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சின்னவளை எங்கே விட்டோம்? இரண்டாவது நடையையும் முடித்துவிட்டு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கதவு தாண்டி இரண்டு பேர் காதில் விழுந்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னவள் அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். காலையில் அரை நாள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். மீதிப் பொழுதெல்லாம் மாமனார். அவருக்கு வலப்பக்கம் விழுந்து ஐந்து வருடம் ஆகிறது. வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும்கூட, அவரைப் புரட்டிப் படுக்க வைப்பவள் இவள். ஐந்து வருடத்தில் அந்த முதுகில் ஒரு புண் வந்ததில்லை. ஐந்து வருடத்தில் இவளும் ஓர் இரவு முழுசாகத் தூங்கியதில்லை.

நடைக்குழு வருடத்துக்கு ஒருமுறை எட்டு நாள் நடந்து கடல் வரைக்கும் போகும். அதில் சேர மூன்று சோதனை நடை. மூன்றும் தேறினால் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை.

"நீ பட்டையோட வா, எட்டு நாளும் அப்பாவ நான் பாத்துக்கறேன்" என்று அவள் புருஷன் சாப்பாட்டு மேசையில், அண்ணன், அண்ணி, அப்பா எல்லார் காதிலும் விழும்படி வாக்குக் கொடுத்திருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் பத்தாவது மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன். பெற்ற அப்பாவைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைக்கத் தெரியாது. முதல் நடையிலேயே இவள் சுருண்டு விழுந்துவிடுவாள் என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

இரண்டு நடை முடிந்தது. இன்றைக்கு மூன்றாவது.

விடிகிற நேரம். மாமனார் ஏற்கெனவே விழித்திருந்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட? ஓட்டப் பந்தயமா?"

"நடக்கத்தான் மாமா."

"நடக்க முடியாதவன வீட்டுல போட்டுட்டு நடக்கப் போறியா? பேஷ்!"

"சாயந்திரத்துக்குள்ள வந்துடுவேன். அவர் இருக்காரு உங்களுக்கு."

"அவனா? போன தடவ என்னைப் புரட்டறேன்னு சொல்லித் தலகாணியப் புரட்டிட்டுப் போனான்."

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரை இடப்பக்கம் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்தாள். முழங்காலுக்கு நடுவில் மடித்த துணியை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. உண்மையில் பாதி நாள் அப்படித்தான் செய்கிறாள்.

மாடியிலிருந்து பெரியவள் இறங்கி வந்தாள். மூத்த மருமகள், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். ஆறு வருடமாக நடைக்குழுவில் இருக்கிறாள். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா, அவ இருக்கறதாலதான் நான் நிம்மதியா வர முடியுது" என்று அங்கே பெருமையடிக்கப் போய், "அப்படின்னா அவங்களையும் கூட்டிட்டு வாங்களேம்மா" என்று தலைவர் சொல்லிவிட்டார். தன் வாயால் தானே கெட்டவள்.

"ரெண்டு பாட்டில் தண்ணி வெச்சியா?" பெரியவள் அவள் பையின் வாரை இழுத்துச் சரி செய்தாள். "போனப் பைக்குள்ள போடுடி. கையில வெச்சிருந்தா எங்கயாவது விழுந்துடும்."

"சரிக்கா."

எத்தனை அக்கறை!

குழுவில் மொத்தம் பதின்மூன்று பேர். முன்னால் நடப்பவர் தலைவர். முப்பத்தைந்து வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் தபால்காரர். வரிசையில் கடைசியாக நடப்பவருக்குப் பெயர் 'வால்'. எப்போதும் மருந்துக்கடைக்காரர்தான் வால். அன்றைக்குப் பெரியவள் கை தூக்கினாள்.

"இன்னைக்கு நான் வாலா வரேன் சார். எங்க சின்னவளுக்குக் கடைசி நடை. பின்னாடி இருந்து பாத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். "எல்லார் முதுகையும் பாத்துப் பாத்து எனக்கு உங்க மூஞ்சியெல்லாம் மறந்தே போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிளம்புமுன் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வதைச் சொன்னார்.

"ஒதுங்கப் போறவங்க பைய நடுவழியில வெச்சுட்டுப் போங்க. பை இருந்தா ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம். ஆள் வர்ற வரைக்கும் வால் அங்கயே நிக்கும். பை இல்லன்னா ஆள் முன்னாடி போயாச்சு, வால் நடந்துடும். புரிஞ்சுதா?"

ஒரு வருடம் ஒருவர் பையை முதுகிலேயே மாட்டிக்கொண்டு ஒதுங்கப் போனார். சறுக்கி விழுந்து கால் முறிந்தது. யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தார். அதிலிருந்து இந்த விதி. புது ஆள் இதை மீறினால் அந்த நடை செல்லாது.

நடந்தார்கள். வெயில் ஏறுமுன் ரயில் பாதையைத் தாண்டி, செங்கல் சூளைகளைத் தாண்டி, மேட்டு நிலத்துக்கு வந்துவிட்டார்கள். நாள் முழுக்க இஸ்திரி மேசை முன்னால் நின்றே மரத்துப்போன கால் சின்னவளுடையது. அந்தக் கால் இப்படி வீசி வீசிப் போகும் என்று அவளுக்கே தெரியாது. பத்து கிலோமீட்டர் ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, மூச்சு வாங்கவில்லை.

அவள் மனதில் கடல்கூட இல்லை. எட்டு இரவுதான் இருந்தது. படுப்பது, தூங்குவது, தானாக விழிப்பது, யாரையும் புரட்ட வேண்டாம் என்று தெரிந்துகொண்டு மறுபடி தூங்குவது. மற்றவர்கள் நடப்பதற்காக வந்தார்கள். இவள் தூங்குவதற்காக நடந்தாள்.

பதினான்காவது கிலோமீட்டரில் கைவிட்ட கல் குவாரி. ஒரு பக்கம் ஆழப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். மறுபக்கம் பாறையும் முள்ளும். வழி ஒற்றையடிதான். முன்னால் போனவர்கள் வளைவில் மறைந்தார்கள். பின்னால் பெரியவள் மட்டும்.

"அக்கா, ரெண்டு நிமிஷம்."

"போயிட்டு வாடி. பைய வெச்சுட்டுப் போ."

சின்னவள் பையை நடுவழியில் வைத்தாள். சாய்ந்துவிடாமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். பாறைக்குப் பின்னால் போனாள்.

திரும்பி வந்தபோது பை இல்லை. பெரியவள் இல்லை. முட்டுக் கொடுத்த கல் மட்டும் இருந்தது.

"அக்கா!"

பள்ளம் அதையே திருப்பிச் சொன்னது.

அப்போதே வளைவைத் தாண்டி ஓடியிருந்தால் எட்டிப் பிடித்திருப்பாள். ஆனால் அவள் நின்றாள். ஆள் வருகிற வரைக்கும் வால் நிற்கும் என்று தபால்காரர் சொல்லியிருக்கிறார். வால் நிற்காமல் போகாது. அப்படியானால் தான்தான் இடம் மாறி வந்துவிட்டோம், கல்லும் வேறு கல்லாக இருக்கும். அந்த வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் அது சின்னவள் வைத்த இடத்தை மறந்ததாகத்தான் இருக்கும். ஐந்து வருடப் பாடம். அதைக் குவாரிக்கும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். வந்த வழியில் கொஞ்ச தூரம் திரும்பி நடந்தாள். மறுபடி வந்து நின்றாள். முக்கால் மணி நேரம். நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் மண்ணில் இருந்த பூட்ஸ் தடங்களைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

எட்டு கிலோமீட்டர். தண்ணீர் இல்லை, தொப்பி இல்லை, போன் இல்லை. ஓரிடத்தில் சரளையில் வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. வேறு ஈரம் கிடைக்காததால் அந்த ரத்தத்தையே நக்கிக்கொண்டாள்.

அணைக்கட்டு வாசலில் ஒரு தகரக் கூரை டீக்கடை. குழு அங்கே காத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் அப்போதுதான் தேடிப் போவதற்காகப் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் பெரியவள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"எங்கடி போயிட்ட? எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சுடி!"

கண்ணீர்கூட வந்திருந்தது. நிஜக் கண்ணீர்.

"மொதல்ல தண்ணி குடிக்கட்டும்" என்றார் தபால்காரர். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். "பை எங்கம்மா?"

"நடுவழியில வெச்சேன் சார். குவாரிகிட்ட. ஒதுங்கிட்டு வந்து பாத்தா இல்ல."

தபால்காரர் பெரியவள் பக்கம் திரும்பினார். "பை இருந்துச்சா?"

"இல்ல சார்." சொல்ல மனசில்லாதவள் மாதிரி மெல்லச் சொன்னாள். "எனக்கு முன்னாடிதான் போயிட்டிருந்தா. வளைவு திரும்பினா ஆளக் காணோம். பை எதுவும் இல்ல. சரி, முன்னாடி போயிட்டாளாக்கும்னு நடந்துட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே சார்?"

பன்னிரண்டு ஜோடிக் கண்ணும் சின்னவள் மேல்.

மறந்துட்டேன் சார் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. வீட்டில் அவள் அதைத்தான் சொல்லுவாள். உடைந்த கண்ணாடித் தம்ளர், தீய்ந்த பாத்திரம், மூடாத ஜன்னல், எல்லாம் அவள் மறந்ததுதான். ஆனால் எட்டு கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்ததில் அந்த வார்த்தை எங்கேயோ உதிர்ந்து போயிருந்தது.

"நீங்கதானேக்கா பைய வெச்சுட்டுப் போன்னு சொன்னீங்க?"

"நானா?"

"உங்களத் தவிர பின்னாடி யாருமில்ல. நீங்கதான் எடுத்திருக்கீங்க."

டீக்கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

பெரியவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இரண்டு பேராவது யோசித்திருப்பார்கள். அவள் சின்னவளின் கிழிந்த கையை எடுத்துத் தன் கைக்குட்டையால் கட்டினாள்.

"வெயில் சார். தண்ணி இல்லாம இவ்வளவு தூரம். என்ன பேசறோம்னு அதுக்கே தெரியல, பாவம். நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டேன். எங்க வீட்டுப் பொண்ணு." முடிச்சை நன்றாக இறுக்கினாள்.

"எவ்வளவு பொறுமை பாரு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தபால்காரரின் சட்டைப் பையில் பச்சைப் பட்டையின் ஓரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. காலையிலேயே எடுத்து வைத்திருந்தார். அதை ஒரு விரலால் உள்ளே தள்ளினார்.

"பைய வெக்க மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா இன்னொரு நடை குடுத்திருப்பேம்மா. மறக்கறது மனுஷ சுபாவம். ஆனா வால் மேலயே பழி போட்டா எப்படி? எட்டு நாள் காட்டு வழி. பின்னாடி வர்றவங்கள நம்பித்தான் ஒவ்வொருத்தரும் முன்னாடி கால வெக்கறோம். அந்த நம்பிக்க இல்லாதவங்கள நான் வரிசையில நிறுத்த முடியாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். அநியாயம் செய்தவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்ன நியாயம்.

திரும்பும் வேனில் சின்னவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பாதி வழியில் மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். களிம்புக் குப்பி ஒன்றை நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆறு வருஷத்துல அந்தம்மா வாலா வரேன்னு கேட்டது இன்னைக்குத்தான்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "இத அங்க சொல்லியிருக்கலாமே சார்?"

"சொல்லியிருக்கலாம்." அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நாளைக்கும் நான் அவங்களோடதானேம்மா நடக்கணும்? களிம்ப ராத்திரி ஒரு தடவ தடவுங்க. எரியும், பரவாயில்ல."

எழுந்து தன் இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது வெளிச்சம் இருந்தது. மாடிப்படி அடியில் பெரியவள் நின்று பூட்ஸ் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை.

"ஆமாடி, நான்தான் எடுத்தேன்" என்றாள், கேட்காமலே.

சின்னவள் தன் கையில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள்.

"குவாரித் தண்ணியில போட்டேன். மெதந்து தொலைக்குமோன்னு பயந்தேன், நல்லவேளை முழுகிடுச்சு. போன் வேற வாங்கித் தரேன், கவலப்படாத."

"ஏங்க்கா?"

"உன்னை யாரு நல்லா நடக்கச் சொன்னா? மொத நடையிலேயே ஐயோ அம்மான்னு உக்காந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?" ஒரு பூட்ஸைக் கழற்றித் தட்டினாள். மண் விழுந்தது. "நீ எட்டு நாள் போனா நான் இருந்தாகணும். என்னால முடியாது. அந்த நாத்தத்துல ஒரு வேள சோறு எறங்காது எனக்கு. இது என் யோசனையும் இல்ல. உன் வீட்டுக்காரர் போன ஞாயித்துக்கெழமை மாடிக்கு வந்தாரு. 'வாக்குக் குடுத்துட்டேன் அண்ணி, மீற முடியாது, நீங்கதான் ஏதாவது பண்ணணும்'னாரு. அழாத கொற. மூத்திரப் பைய மாத்திப் பாத்தாராம், குமட்டிடுச்சாம்."

"பொய் சொல்றீங்க."

"உள்ளதான் இருக்காரு. போய்க் கேளு." பெரியவள் இரண்டு பூட்ஸையும் கையில் தூக்கிக்கொண்டாள். "பொய்யா இருந்தா உனக்கு நல்லதுதானே?"

வெறுங்காலோடு, சத்தமில்லாமல் மாடி ஏறிப் போனாள்.

உள்ளே அவள் புருஷன் டீ போட்டு வைத்திருந்தான். ரொட்டி வாட்டியிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இது முதல் தடவை. முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவனின் களை. அவள் அழுதால் துடைக்கத் தோளில் துண்டு வேறு. மாமனார் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன அதே பக்கம்.

"உக்காரு, உக்காரு. ரொம்பக் களச்சிருக்க. என்ன ஆச்சு?"

அவள் உட்காரவில்லை. புருஷன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். அவனுக்கு எதுவும் தெரியாமல் இருந்துவிடக்கூடாதா என்று ஒரு கணம், ஒரே கணம், வேண்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"பட்டை குடுத்துட்டாங்க."

"எப்படி?"

கேட்டுவிட்டான். நிஜமாவா என்று கேட்கவில்லை, அப்பாடா என்று சொல்லவில்லை. எப்படி என்று கேட்டான். வாயிலிருந்து விழுந்ததை அள்ளி எடுக்க முடியாமல் நின்றான்.

பொய் சொன்னால் நாக்குக் கூசும் என்பார்கள். அவளுக்கு இனித்தது.

"எப்படின்னா? நடந்தேன், குடுத்தாங்க. வர்ற சனிக்கெழம காலையில ஆறு மணிக்குக் கெளம்பறேன்."

"எங்க, பட்டையக் காட்டு."

"பையில இருக்கு."

"பை எங்க?"

"அண்ணிகிட்ட. நீங்களே மேல போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்."

அவன் மாடிப்படியைப் பார்த்தான். டீ தம்ளரைப் பார்த்தான். நகரவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்து, மூக்கோரமாக இறங்கியது. அவன் துண்டால் தன் முகத்தையே துடைத்துக்கொண்டான். அவள் அதை, சூடான துணியில் கடைசிச் சுருக்கம் மறைவதைப் பார்ப்பதுபோல, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"எட்டு நாளா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஆமா மாமா. உங்க பிள்ள பாத்துக்குவாரு. வாக்குக் குடுத்திருக்காரு."

கிழவர் ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று இரண்டு பேருமே காத்திருந்தார்கள். அவர் சொல்லவில்லை. இடது கையை நீட்டித் துழாவி, அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் காலையிலேர்ந்து இவன் என்னைத் திருப்பலம்மா. கேட்டேன். மூணு தடவ கேட்டேன். இதோ வரேன்னான்." குரல் உடைந்தது. அந்த வாய்க்கும் உடையத் தெரியும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "இவன் கையில என்னை விட்டுட்டுப் போகாத. உன்னைப் பேசினதெல்லாம் தப்பு. கெழவன் கெஞ்சறேன்."

சின்னவள் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். இடுப்பெலும்பின் மேல், அந்த ஐந்து வருடத்தில் இல்லாத ஒரு சிவப்பு, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வந்திருந்தது. கைக்குட்டைக்குள் அவள் உள்ளங்கை எரிந்தது.

தலையணையை அண்டக் கொடுத்தாள். பிறகு, தன் சட்டைக் கையைப் பிடித்திருந்த விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கட்டைவிரல்தான் கடைசி வரை விடவில்லை.

அவள் புருஷன் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"யாரெல்லாம் போறீங்க?" என்றான், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

"மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது" என்றாள் சின்னவள். "நான் போறேன்."